கேட்போரும் களமும்

ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்து வைத்திருக்கிறார். ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அதன் யாப்பு, அது நுதலும் பொருள், அதைக் கேட்போர், அதனால் விளையும் பயன் என எட்டு. இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு என்றும் குறிக்கிறார். களம் என்பது நூல் அரங்கேறிய அவை. 13ஆம் நூற்றாண்டில் இலக்கணம் செய்த ஒருவர், எழுதியவரின் பெயரைப் போலவே கேட்போரையும் கூடிய அவையையும் நூலின் அடையாளங்களாக எண்ணுகிறார் என்பதை நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டும். எழுத்தாணியை வைத்த கணமே நூல் பிறந்துவிட்டதாகத் தமிழ் மரபு ஒப்புக்கொள்ளவில்லை. கற்றவர்கள் கூடிய இடத்தில் அது வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். அங்கே எழும் தடைகளுக்கு விடை சொல்லப்பட வேண்டும். அதன் பிறகே அது ஊருக்கு உரியதாகும். திருக்குறளில் அவை அறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவை அஞ்சாமைக்கு அடுத்த அதிகாரமும் ஒதுக்கப்பட்டிருப்பதும் இந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் புறநகர்களிலும் மாதம் ஒருமுறை நூலக அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ பத்திருபது பேர் கூடித் தாங்கள் எழுதிய கதையையும் கவிதையையும் படிக்கும் வழக்கம் இருக்கிறது. மேலை நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று இதைக் கருதுவோர் உண்டு. ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. இந்த வழக்கத்தின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இது அரங்கேற்றம் என்னும் பழைய நிறுவனத்தின் நேர் வாரிசு. அதன் உயிர் எப்போதும் தடை சொல்லும் உரிமையில்தான் இருந்திருக்கிறது. படித்தவரைப் பார்த்து, இந்த இடம் சரியில்லை, ஏன் என்றால் இது என்று ஒருவர் சொல்லவும், அதற்குப் படித்தவர் விடை சொல்லவும் முடிந்த இடங்களில் கூட்டம் எழுத்தை வளர்த்தது. அந்த உரிமை பாராட்டாகவும் கைத்தட்டலாகவும் கரைந்த இடங்களில் கூட்டம் பெருத்தது. எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது. பாடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் எம்.டி.எச். சாலையில் இருக்கும் மண்ணூர்பேட்டை போன்ற ஒரு தொழிற்பகுதிக்கு இந்த வரலாறு ஏன் தேவை என்பதையும் சேர்த்தே இங்கே வாதிட விரும்புகிறேன்.

சான்றுகளை முதலிலிருந்து பார்ப்போம். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்கிறது. இதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஒரு கதையைச் சேர்க்கிறார். அகத்தியருக்குத் தொல்காப்பியர் மேல் சினம். அவருடைய நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிடுகிறார். தொல்காப்பியரோ கேட்டே ஆக வேண்டும் என்கிறார். இருவருக்கும் நடுவே அகப்பட்ட அதங்கோட்டாசான், கேட்டபடியும் இருக்க வேண்டும், அகத்தியர் மனமும் கோணக்கூடாது என்று எண்ணி, நூல் முழுவதற்கும் குற்றம் கூறிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு குற்றத்துக்கும் தொல்காப்பியர் விடை சொல்கிறார். இது நடந்த செய்தியா என்பது இங்கே கேள்வி இல்லை. 14ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஒருவர், தமிழின் முதல் இலக்கணத்துக்குப் பெருமை சேர்க்க நினைத்தபோது, அதை எல்லாரும் புகழ்ந்தார்கள் என்று எழுதவில்லை. பகைநோக்கோடு கேட்ட ஒருவரின் தடைகள் அனைத்தையும் தாண்டி அது நின்றது என்று எழுதினார். ஒரு நூலுக்குத் தரக்கூடிய உயர்ந்த மதிப்பு அதுதான் என்று அவரும் அவரைப் படித்தவர்களும் நம்பினார்கள் என்பது இதனால் தெளிவாகிறது.

இறையனார் அகப்பொருள் உரையில் வரும் கதை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அந்த நூலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்தார்கள். எது மெய்யுரை என்று முடிவு செய்ய முடியவில்லை. அப்போது நடுவராக அமர்த்தப்பட்டவர் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயதுச் சிறுவன், வாய் பேசாதவன். புலவர்கள் ஒவ்வொருவராகப் படித்தபோது அவன் சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் படித்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். அந்த உரையே மெய்யுரை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். புலமையின் உச்சியில் இருந்தவர்கள் தங்களுக்குள் தீர்க்க முடியாத வழக்கைத் தீர்க்கக் கேட்பவனின் உடலைச் சாட்சியாகக் கொண்டார்கள் என்கிறது கதை. அதங்கோட்டாசானின் கூரிய கேள்வியும் உருத்திரசன்மனின் கலங்கிய கண்ணும் ஆகிய இரண்டுமே அவைக்கு வேண்டும். கேள்வி மட்டும் இருந்தால் அது தேர்வுக்கூடம். உருக்கம் மட்டும் இருந்தால் அது பாராட்டு விழா.

சென்னையின் மேற்குப் பகுதிக்கு இந்த மரபில் சொந்தப் பங்கு உண்டு. பாடித் திருவலிதாயம் ஞானசம்பந்தர் பாடிய தலம். பின்னாளில் வள்ளலாரும் அதைப் பாடியிருக்கிறார். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார். அவர் சோழன் அநபாயனின் அமைச்சராக இருந்து, தில்லைக் கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் பெரியபுராணத்தை அரங்கேற்றினார் என்றும், அது ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு ஆண்டுச் சித்திரைத் திருவாதிரை வரை நடந்தது என்றும் சேக்கிழார் புராணம் சொல்கிறது. முடிவில் ஏட்டுச் சுவடியை யானை மேல் ஏற்றி, ஆசிரியரையும் உடன் ஏற்றி, அரசனே கவரி வீசி வலம் வந்தான். யானையும் கவரியும் நமக்குப் பெரிதாகத் தெரியலாம். என் கண்ணில் பெரிதாகத் தெரிவது அந்த ஓராண்டு. ஒரு புதிய நூலைக் கேட்க மக்கள் ஓராண்டு தொடர்ந்து வந்தார்கள் என்று நம்ப முடிந்த சமூகம், கேட்பதை ஒரு வேலையாக மதித்த சமூகம். இந்தக் கேட்கும் பழக்கம் அரசவையோடு நின்றுவிடவும் இல்லை. தொண்டை மண்டலத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் விழாக்காலத்தில் பகலில் பாரதம் படிப்பதும் இரவில் கூத்து ஆடுவதும் இன்றும் தொடர்கிறது. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றொருவர் விரித்துப் பொருள் சொல்ல, உழவரும் கைவினைஞரும் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஊர்களிலும் வில்லிபாரதம் தெரிந்திருந்தது இதனால்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதை ஒளிக்கக் கூடாது. அரங்கேற்றம் என்பது அரசர்கள், மடங்கள், நிலக்கிழார்கள் ஆகியோரின் ஆதரவில் நடந்த ஒன்று. யார் படிக்கலாம், யார் கேட்கலாம், யார் தடை சொல்லலாம் என்பதைச் சாதியும் செல்வமும் தீர்மானித்தன. சங்கப் பாடல்களில் முப்பது பேருக்குக் குறையாத பெண் புலவர்களைக் காண்கிறோம்; பிற்கால அரங்கேற்றங்களில் பெண்ணின் குரல் அநேகமாக இல்லை. உழைக்கும் சாதிகளுக்கு அந்த மண்டபங்களின் படியேறவே உரிமை இல்லை. அப்படிப்பட்ட நிறுவனத்தை இன்றைய கூட்டத்துக்கு முன்னோடியாக வைப்பது சரியா? மறுப்பில் உள்ள உண்மையை முழுதும் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு அரங்கேற்றத்தை மறப்பதாக இருக்க முடியாது. அதன் வாசலை அகலத் திறப்பதாகவே இருக்க வேண்டும். அப்படித் திறந்த சான்றும் நம்மிடம் இருக்கிறது. 1990களில் ‘நிறப்பிரிகை’ இதழ் தலித் அரசியலையும் பெண்ணியத்தையும் குறித்துக் கூட்டு விவாதங்களை நடத்தி அச்சிட்டது. பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்த 1992ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில், இதுவரை இலக்கியம் என்று ஒத்துக்கொள்ளப்பட்டவற்றின் மேலேயே தடை எழுப்பப்பட்டது. யாருடைய மொழி, யாருடைய அழகு, யாருடைய ஊர் என்று கேட்டவர்கள் அந்த மண்டபத்துக்குள் விடப்படாதவர்களின் வாரிசுகள். தடை சொல்லும் உரிமை அவர்கள் கைக்கு வந்தபோது தமிழ் உரைநடை விரிந்தது. பழைய நிறுவனத்தின் குறை, தடை கேட்டதில் இல்லை. சிலரிடம் மட்டுமே கேட்டதில் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்த நிறுவனம் தன் கடைசிப் பெரும் ஒளியைக் கண்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களைப் பாடினார். கோயில் மண்டபங்களில் நாள்தோறும் கூட்டம் கூட, அவை அரங்கேறின. அந்த நாள்களைப் பக்கத்திலிருந்து கண்ட மாணவர் உ.வே. சாமிநாதையர், ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதியதோடு, ‘என் சரித்திரம்’ நூலிலும் அக்காட்சிகளைப் பதிந்து வைத்தார். அதே நூற்றாண்டில்தான் அச்சும் பரவியது. 1835இல் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுகள் நீங்கியபின் இந்தியர் கையில் அச்சுக்கூடங்கள் பெருகின. நூல் அவைக்கு வராமலேயே வாசகர் கைக்குப் போக வழி பிறந்தது. இது பெரும் நன்மை. மடத்தின் அனுமதி இல்லாமல் யாரும் எழுதலாம் என்றாயிற்று. கூடவே ஓர் இழப்பும் வந்தது. அவையில் எழுந்த தடை விடைகள் மறைய, பழகியவர்களிடம் வாங்கிய சாற்றுகவிகள் நூலின் முன்பக்கங்களை நிரப்பின. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் காட்டுவது போல, நாவல் வந்த பிறகு கூடியிருந்து உரக்கப் படிப்பது குறைந்து, தனியே மௌனமாகப் படிப்பது நடுத்தர வகுப்பின் பழக்கமாயிற்று. எழுதுபவர் ஒரு மூலையிலும் படிப்பவர் இன்னொரு மூலையிலும் அமர்ந்தார்கள். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளும் இடம் இல்லாமல் போயிற்று.

அந்த இடத்தை 20ஆம் நூற்றாண்டில் முதலில் நிரப்பியது மேடை. தமிழர்கள் மேடைப் பேச்சை நேசித்தவர்கள். கவிதையும் மேடைக்கு வந்தது. பொங்கலுக்கும் விழா நாளுக்கும் வானொலியும் மன்றங்களும் நடத்திய கவியரங்கங்களை ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். மு. கருணாநிதி போன்ற அரசியல் தலைவர்களே தலைமை ஏற்றார்கள். கண்ணதாசன் முதலான பலரின் கவிதை அச்சில் படிக்காதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். பிறகு தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் நடத்திய கலை இலக்கிய இரவுகள், மாலையில் தொடங்கி விடியும் வரை தெருவிலேயே பாட்டும் நாடகமும் கவிதையும் உரையுமாக நடந்தன. எமர்ஜென்சி காலத்தில், 1975இல் மதுரையில் பிறந்த அந்தச் சங்கம், இலக்கியத்தைக் கட்டணம் இல்லாமல், நாற்காலி வரிசை இல்லாமல் மக்களிடம் கொண்டு போனது. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மொழி தன் மக்களைச் சேர்த்துப் பிடிக்க இவை வேண்டும். ஆனால் ஐயாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவர் எழுந்து, மூன்றாவது அடியில் சொல் வீணாகிறது என்று சொல்ல முடியாது. மேடை கைத்தட்டலைத் தேடுகிறது. கைத்தட்டல் வந்த வரியையே கவிஞர் மறுபடி எழுதுகிறார். தலைவரை விளிக்கும் வரிகள், எதுகைக்காக இழுத்து வந்த சொற்கள், முன்பே கேட்ட முடிவுகள் ஆகியவை கவியரங்கக் கவிதையின் அடையாளங்களாக மாறியதற்குக் காரணம் கவிஞர்களின் திறமைக் குறைவு இல்லை. தடை சொல்ல ஆளில்லாத அவையே காரணம்.

தடை சொல்லும் அவையை மீட்டவர்கள் சிறு எண்ணிக்கையினர். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடப் போவதில்லை என்று அறிவித்தார். விமர்சனத்தை இதழின் நடுவில் வைத்தார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழில் புதுக்கவிதை வேரூன்றியதும், 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்ததும் அந்தச் சிறு வட்டத்தின் வழியாகவே. ‘எழுத்து’ நின்ற 1970இல் சென்னையில் ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு பிறந்தது. அதன் செயல்முறை எளியது. அந்த எளிமையில்தான் அதன் வலிமை இருந்தது. மாதந்தோறும் ஒருவர் அந்த மாதத்து இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது, ஏன் மற்றவை இல்லை என்று கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டில் ஒன்று ஆண்டின் சிறந்த கதையாகும். பன்னிரண்டும் தொகுப்பு நூலாக வரும். வணிக இதழோ சிற்றிதழோ, பெயர் பெற்றவரோ புதியவரோ, கதையை மட்டும் பார்க்க வேண்டும் என்பது விதி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த அந்த மாதக் கூட்டத்தின் தேர்வுகளில் உடன்பாடு இல்லாதவர்கள் பலர் இருக்கலாம். காரணத்தைச் சொல்லித் தேர்ந்ததால்தான் உடன்படாதவரும் காரணம் சொல்லி மறுக்க முடிந்தது. 1977இல் வேடந்தாங்கலில் இனியவன் தொடங்கிய ‘இலக்கிய வீதி’ இன்னொரு செய்தியைச் சொல்கிறது. பறவைகளுக்காக மட்டுமே வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்த ஒரு கிராமத்துக்கு எழுத்தாளர்கள் பஸ் பிடித்துப் போனார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தின் இளைஞர்கள் எழுதத் தொடங்கினார்கள். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ கூட்டமும் அப்படியே. இலக்கியத்துக்குத் தலைநகரம் தேவை என்ற எண்ணத்தை இந்த ஊர்கள் பொய்யாக்கின.

தடை சொல்லும் உரிமை எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைப் புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்களின் ‘இலக்கியச் சந்திப்பு’ நமக்குக் காட்டுகிறது. 1988 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹேர்ண நகரில் முதல் சந்திப்பு நடந்தது. போரால் துரத்தப்பட்டு, அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள், உணவகங்களிலும் தொழிற்கூடங்களிலும் வேலை செய்துகொண்டு, விடுமுறை நாளில் ரயிலேறி வந்து கூடினார்கள். ஊரில் துப்பாக்கி வைத்திருந்த எல்லாத் தரப்பும் மாற்றுக் கருத்தை வெறுத்த காலம் அது. ஐரோப்பாவிலும் அச்சம் தொடர்ந்தது. இலக்கிய ஆர்வலரான சபாரத்தினம் சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரிசில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகும் சந்திப்பு நிற்கவில்லை. நிலையான அலுவலகம் இல்லாமல் நகரம் நகரமாக மாறி, 2013 ஏப்ரலில் 40ஆவது சந்திப்பு லண்டனிலும், அதே ஆண்டு ஜூலையில் 41ஆவது சந்திப்பு யாழ்ப்பாணத்திலும் நடந்தன. யாழ்ப்பாணத்தில் நடத்துவது சரியா என்பது பற்றியே கடும் வாதம் எழுந்தது. அந்த வாதம் சந்திப்பின் தோல்வி என்று சிலர் எண்ணினார்கள். தன் இருப்பையே தன் அவையில் விவாதத்துக்கு வைத்த ஓர் அமைப்பு, இந்த மரபின் உண்மையான வாரிசு என்பது என் முடிவு.

கடுமையான விமர்சனம் புதிதாக எழுதுபவரை முளையிலேயே கிள்ளிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் உண்டு. நம் மரபுக்கே இது தெரியும். வில்லிபுத்தூரார் தம்மிடம் தோற்ற புலவர்களின் காதை அறுத்தார் என்றும், அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடி அவரை வென்று அந்தக் கொடுமையை நிறுத்தினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. தோற்றவரை அவமதிப்பது புலமை ஆகாது என்று தமிழ் மக்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட கதை அது. நன்னூலும் இதற்கு நெறி வகுக்கிறது. பிறர் கருத்தை எதிர்கொள்ள ஏழு வழிகளை அது எண்ணும்போது, உடன்படுதல் முதலாவதாக வருகிறது, மறுத்தல் அடுத்தது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல் மூன்றாவது. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவதும் அதில் உண்டு. நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்றும் அது தனித்தனியே எண்ணித் தருகிறது. குற்றம் காண்பதும் அழகு காண்பதும் ஒரே கண்ணின் வேலை என்பதே இதன் பொருள். நூலில் குற்றம் காட்டலாம். நூலாசிரியரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. இந்த எல்லையைக் காக்கத் தெரிந்த கூட்டத்தில் இளம் எழுத்தாளர் நொடிவதில்லை. தன் எழுத்தை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாரே என்ற தெம்போடு அவர் வீடு திரும்புகிறார்.

எழுத்து தனிமையில் பிறப்பது, கூட்டத்தால் எந்த மேதையும் உருவானதில்லை என்பது இன்னொரு மறுப்பு. மேதைகளைக் கூட்டம் உருவாக்கும் என்று நானும் சொல்லவில்லை. மேதைகள் நூறு ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ வருவார்கள். ஒரு மொழி அன்றாடம் வாழ்வது நல்ல எழுத்தாளர்களாலும் நல்ல வாசகர்களாலும். அவர்கள் உருவாகும் இடம் இது. பத்துப் பேர் நடுவே தன் கதையை உரக்கப் படிக்கும்போது எழுதியவரே தன் தவறைக் கேட்டுவிடுகிறார். நாக்கு தடுமாறும் இடத்தில் வாக்கியம் கெட்டிருக்கிறது. இதற்கு ஈடாக வேறு பயிற்சி இல்லை. கைப்பேசியில் எழுதினால் ஒரே நாளில் ஆயிரம் பேர் கருத்துச் சொல்கிறார்களே, மாதம் ஒருமுறை கூடுவது எதற்கு என்றும் கேட்கலாம். அங்கே தடை சொல்பவர் முகம் தெரியாதவர். நாளைக்கு அவர் இருக்கமாட்டார். அவையில் தடை சொன்னவர் அடுத்த மாதம் தன் கதையைக் கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்கார வேண்டும். தான் சொன்ன அளவுகோல் தன் மேலும் வைக்கப்படும் என்று தெரிந்தவரின் விமர்சனத்துக்குப் பொறுப்பு உண்டு. ஆள் குறைவு என்பதைக் குறையாகச் சொல்பவர்கள், கடைச்சங்கத்தில் இருந்தவர்கள் நாற்பத்தொன்பது பேர் என்றுதான் மரபு சொல்கிறது என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது மண்ணூர்பேட்டைக்கு வருவோம். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா ஆகியவை எழுந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்தது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இந்தச் சாலையின் இருபுறமும் குடியேறினார்கள். நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் வட ஆர்க்காட்டுத் தமிழும் ஒரே தெருவில் கேட்கும் இடம் இது. லேத் பட்டறையும் ஷிப்ட் நேரமும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிச்சயமின்மையும், அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்த வட மாநிலத் தொழிலாளரின் வாழ்க்கையும் தமிழ் இலக்கியத்தில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு இப்பகுதி ஆட்சிக் கணக்கில் சென்னை ஆகிவிட்டது. சென்னையின் இலக்கியக் கூட்டங்களோ பெரும்பாலும் மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, கே.கே. நகர் பக்கமே நடந்து வந்திருக்கின்றன. இரண்டாம் ஷிப்ட் முடித்தவர் இரண்டு பஸ் மாறி அங்கே போகமாட்டார். அவர் இருக்கும் இடத்துக்கு அவை வர வேண்டும்.

அதற்கு வேண்டிய இடமும் சட்டமும் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் அமைக்கும் வழக்கமும் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 1945இல் பி.என். பணிக்கர் 47 சிற்றூர் நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய இயக்கம், நூலகத்தை ஊரின் விவாத இடமாக மாற்றிக் காட்டியது. நமக்கு வேண்டியவை சில விதிகள்தான். மாதத்தில் ஒரே நாள், ஒரே இடம், மழை பெய்தாலும் மாறக்கூடாது. அச்சில் வராத புதிய எழுத்தை எழுதியவரே படிக்க வேண்டும். கேட்டவர்களில் இருவராவது அழகையும் குற்றத்தையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். எழுதியவர் விடை சொல்ல வேண்டும். பொன்னாடையும் தலைமையுரையும் வேண்டாம். யார் படித்தார், என்ன தடை எழுந்தது, என்ன விடை வந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு அதுவே இந்தப் பகுதியின் இலக்கிய வரலாறாகும். மண்ணூர்பேட்டையிலும் அதைச் சுற்றியும் எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: அருகிலுள்ள நூலகத்தின் நூலகரிடம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கேளுங்கள், உங்கள் எழுத்தைக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் இருப்பவரின் எழுத்துக்கு நேர்மையாகத் தடை சொல்லுங்கள்.